திங்கட்கிழமை மட்டும் நிற்காத சர்வர்

என்னைப் போல ஒரு மடையன் மயிலாப்பூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான். விடையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பதினைந்து நாள் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாண வரன் பார்த்துத் தரும் நிலையம் ஒன்றில் எனக்கு வேலை. முதலாளி வீட்டின் முன்பகுதிதான் ஆபீஸ். ஜாதகங்கள் அத்தனையும் உள்ளறைக் கம்ப்யூட்டர் சர்வரில். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அது நிற்காமல் ஓட வேண்டும். நான் இருந்ததே அதற்குத்தான். திடீரென்று அணைந்தால் பதிவுகள் கலைந்துவிடும். சரிசெய்து எழுப்ப ஒன்றரை மணி நேரம்.

அது தினமும் அணைந்தது. செவ்வாய் மூன்று மணிக்கு, புதன் பன்னிரண்டுக்கு, வெள்ளி பத்தரைக்கு, சனிக்கிழமை ஆபீஸ் திறந்த கையோடு. திங்கட்கிழமை மட்டும் சாது. ஞாயிறு ஓய்வெடுத்த தெம்பு என்று நினைத்தேன்! மாலையில் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் அணைந்த நேரத்தைக் குறித்துப் பையில் சேர்த்தேன்.

முதலில் மின்வாரியத்தைச் சந்தேகப்பட்டேன். பிறகு எலியை. பிறகு பட்டினப்பாக்கத்திலிருந்து வரும் யு.பி.எஸ். மெக்கானிக்கை.

"இன்னா சார், என்னியே மொறைச்சுக்கினு கீற? பேட்டரி சோக்கா கீது. உன் ஆபீஸ்லயே எவனோ கை வெக்கிறான்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு என்னையே சந்தேகப்பட்டேன். தூக்கத்தில் கால் ஸ்விட்சில் பட்டிருக்குமோ?

புதன்கிழமை, அபிராமபுரத்திலிருந்து வந்த பெண்ணின் அப்பா பட்டியலுக்காகக் காத்திருக்கும்போதே சர்வர் படுத்தது. முதலாளி அவர் எதிரிலேயே சொன்னார்: "இன்னொரு தரம் அணைஞ்சா, நீங்க அப்படியே ஆத்துக்குப் போயிடலாம்."

வியாழன் மதியம் முதலாளி வெளியே போயிருந்தார். நானும் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு, சர்வர் அறையில் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சரியாக ஒன்றரைக்கு உள்கதவு திறந்தது. முதலாளியின் மனைவி! ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அடுப்பை அணைப்பது போல யு.பி.எஸ்.ஸை அணைத்தார்.

"மாமி!"

அவர் திடுக்கிடக்கூட இல்லை. "பீரோ பின்னாடி என்ன பண்ணிண்டிருக்கே?"

"நீங்க என்ன மாமி பண்றீங்க?"

"ராகு காலத்துல பொருத்தம் பார்ப்பாளோ? யாராத்துப் பொண்ணானாலும் நன்னா இருக்க வேண்டாமா? நீயும் சரியா அது முடியற வரைக்கும் ரிப்பேர் பண்ணிண்டிருந்தே. விவரம் தெரிஞ்ச பிள்ளைன்னு நெனச்சேன்."

பையிலிருந்த தாள்களை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் நான் எழுதிய நேரமெல்லாம் முன்பக்கத்தில் ராகு காலம் என்று அச்சாகியிருந்தது. வியாழனுக்கு ஒன்றரையிலிருந்து மூன்று. திங்களுக்கு ஏழரையிலிருந்து ஒன்பது, ஆபீஸ் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

வாசலில் முதலாளியின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"மாமி, இப்பவே அவர்கிட்ட சொல்லிடுங்க. என் வேலை போயிடும்!"

மாமி கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு அடிக்கட்டும், சொல்றேன்."