மட்கார்டைக் கெடுத்தது என் கை

அந்த மட்கார்டைக் கெடுத்தவன் நான். இசக்கி அல்ல. நான்தான்!

சொல்லிவிட்டேன். இத்தனை வருடங்களாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்த வாக்கியம் இவ்வளவு சிறியதா? இதற்கா இத்தனை பயம்? அவசரப்படாதீர்கள்... இன்னும் பாதிகூட நான் சொல்லவில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருந்தது எங்கள் கார் பட்டறை. மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவோம். சாரல் தொடங்கிவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது. அருவிக்கு வரும் பெரிய மனிதர்களின் கார்கள் எங்காவது உரசிக்கொண்டு வந்து வாசலில் நிற்கும். ஒடுக்கெடுத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் வர்ணம் அடித்து, பழைய வர்ணத்தோடு சேர்த்துவிட வேண்டும். டச்சப் என்போம்.

அதுவரை பிரஷ்தான். ஒருநாள் முதலாளி மதுரையிலிருந்து ஒரு ஸ்ப்ரே கன்னும், அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசரும் வாங்கி வந்து இறக்கினார். ஐயோ, அந்த நாளை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! விசையை அழுத்தினேன். உஸ்... வர்ணம் புகையாகப் பறந்துபோய்த் தகரத்தில் படிந்தது. பிரஷ் கோடு இல்லை, திட்டு இல்லை, கண்ணாடி! நானும் இசக்கியும் கட்டிக்கொண்டு குதித்தோம். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுகூட அப்படிக் குதித்ததில்லை.

இசக்கி என் வயதுக்காரன், கடையத்திலிருந்து வந்து சேர்ந்தவன். கன்னைப் பிடித்து அடிப்பது என் வேலை. வர்ணத்தில் தின்னர் கலப்பதும், கன்னைக் கழுவுவதும் அவன் வேலை. எடுபிடி வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டியாகக் கலந்தால் கன் துப்பும்; நீர்த்துவிட்டால் வர்ணம் வழியும். அவன் குச்சியை முக்கித் தூக்கிப் பார்ப்பான். வர்ணம் நூலாக இறங்கி, பிறகு சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். அப்படி விழுந்தாலும் நம்பமாட்டான். பழைய தகரத்தில் அடித்துக் காட்டச் சொல்லி நச்சரிப்பான்.

வேலை முடிந்ததும் கன்னில் வர்ணம் ஊற்றும் கப்பில் வெறும் தின்னரை ஊற்றி, நிறமே இல்லாமல் வருகிறவரை அடித்துக் கழுவுவான். சாரல் ஈரத்தில் கன்னுக்குள் இருக்கும் ஊசி துருப்பிடித்துவிடும் என்று மண்ணெண்ணெய் தடவி வைப்பான். மறுநாள் காலையில் மீண்டும் தின்னர் விட்டு அடித்து அந்த மண்ணெண்ணெயைப் போக்கிவிட வேண்டும். மறந்தால் தொலைந்தோம். எண்ணெய்ப் பசை எதுவானாலும் வர்ணத்துக்கு ஆகாது. பட்ட இடமெல்லாம் அம்மைத் தழும்புபோலக் குழி விழும்.

அதனால்தான் எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. வர்ணம் அடிக்கிற நாளில் எவனும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு சட்டம்!

அந்தச் சமயத்தில்தான் இளம்பச்சை நிறக் கார் ஒன்று வந்தது. முன்பக்க மட்கார்டு நசுங்கியிருந்தது. முதலாளி இசக்கியைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏலே, இந்த வண்டி சுத்தமா முடியட்டும். அடுத்த வண்டிக்கு நீ கன்னப் பிடிலே."

இசக்கியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அன்று முழுக்க வெறுங்கையைக் காற்றில் இப்படியும் அப்படியும் வீசிப் பழகிக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன். உள்ளே என்னவோ சுருக்கென்றது... கன் என்னுடையது அல்லவா?

வர்ணம் அடிக்க வேண்டிய சனிக்கிழமை விடியும்போதே செய்தி வந்துவிட்டது, அருவியில் தண்ணீர் விழுகிறது என்று. அந்த வருடத்தின் முதல் தண்ணீர்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடினேன். எண்ணெய் தேய்ப்பவர் தலையில் நல்லெண்ணெயை வைத்துத் தாளம் போட, உடம்பெல்லாம் முறுக்கவிழ்ந்தது. அருவி முதுகில் அறைந்தது. கத்தினேன், கூத்தாடினேன். சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டால் எண்ணெய் போய்விடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். போகவில்லை.

பட்டறைக்கு வந்தபோது வெயில் முகம் காட்டியிருந்தது. சாரலில் அடித்தால் வர்ணம் வெளுத்துவிடும். அந்த வெயிலை விடக்கூடாது. இசக்கி என் கண்முன்னால் கப்பில் தின்னர் ஊற்றினான். தெளிவாக வருகிறவரை அடித்தான். மட்கார்டையும் தின்னர் துணியால் துடைத்துவிட்டு, வர்ணம் எடுத்துவர உள்ளே போனான்.

நான் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டேன். பிறகு... அந்த மட்கார்டு எவ்வளவு வழவழப்பாக இருந்தது தெரியுமா! குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல அதன்மேல் ஒருமுறை கையை ஓட்டினேன். ஒரே ஒருமுறை!

இசக்கி கப்பில் வர்ணம் ஊற்றித் தந்துவிட்டு, மிச்சத்தை வைக்க உள்ளே போனான். வெயில் போய்விடுமே என்று பழைய தகரத்தில் அடித்துப் பார்க்கவில்லை. அடித்தேன். ஆகா, என்ன பச்சை! இரண்டு மூச்சு விடுவதற்குள் வர்ணம் விலக ஆரம்பித்தது. குழி, குழி, குழி... ஐந்து விரலும் உள்ளங்கையுமாக, என் கை அங்கே அப்படியே எழும்பி வந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதன்மேலேயே அடித்தேன். சுற்றிலும் அடித்தேன். கையின் வடிவம் தெரியாமல் போகும்வரை, வர்ணம் வழிந்து மட்கார்டு முழுவதும் நாசமாகும்வரை அடித்தேன். இசக்கி ஓடி வந்தபோது அங்கே குழிகள் இருந்தன. கை இல்லை!

முதலாளி குனிந்து பார்த்தார். "கன்னுல மண்ணெண்ணெய் கிடந்துருக்கு. காலைல தின்னர் விட்டு அடிச்சியாலே?"

"அடிச்சேன் அண்ணாச்சி. தெளிவா வாற வரைக்கும் அடிச்சேன்."

"அடிச்சா இது எப்படில வரும்?"

இசக்கி என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் அடித்தான், நான் பார்த்தேன் என்று மட்டுமாவது! சொல்லவில்லை. பயம்தான் என்று பல வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இல்லை. அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கன் இனி என்னிடமே இருக்கும்! இதுதான் என் குற்றம். எண்ணெய் தேய்த்ததல்ல.

மட்கார்டைச் சுரண்டித் தேய்த்து, மறுநாள் கிடைத்த வெயிலில் திரும்ப அடித்தேன். இந்தமுறை தின்னர் கலந்ததும் கன்னைக் கழுவியதும் நானே. பழுது சொல்ல முடியாத வேலை! முதலாளி முதுகில் தட்டினார். நானும் விசிலடித்தேன். இசக்கி ஒரு மூலையில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்தான். அவன் கைக்குக் கன் வரவே இல்லை. அடுத்த சீசனுக்குள் அவனாகவே கடையத்துக்குத் திரும்பிவிட்டான். அங்கே மாட்டுவண்டிச் சக்கரங்களுக்குப் பிரஷால் வர்ணம் பூசுகிறான் என்று கேள்விப்பட்டேன்.

சில வருடங்கள் கழித்து, தென்காசி பஸ் ஸ்டாண்டில் இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். முன்பக்க முடி நரைத்திருந்தது.

"சுப்பையா, நெசத்தச் சொல்லு. அன்னைக்குக் காலைல நான் தின்னர் விட்டு அடிச்சனா? அடிச்ச மாதிரியும் இருக்கு, அடிக்காத மாதிரியும் இருக்கு. நெனச்சு நெனச்சுப் பாக்குதேன், பிடிபடல. நீ பக்கத்துலதான நின்னே?"

இப்போது சொல்லடா என்றது மனம். வாய்வரை வந்தது, சத்தியமாக வந்தது!

"ஞாபகமில்லயே, இசக்கி."

அவன் தலையை ஆட்டினான். "அப்போ மறந்துதான் இருப்பேன். எம்புட்டு ஆசையா அடிச்சே... உன் வேலயக் கெடுத்துட்டேம்ல. மனசுல வச்சுக்கிடாதே, என்னா?"

அவன் கண் கலங்கியிருந்தது. கடையம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"சரி விடு, போயிட்டுப் போகுது," என்றேன்.

ஆம்... நான் அவனை மன்னித்தேன்!