தலைவி நாற்காலியும் ஏழு கைகளும்

மாதர் சங்கத் தலைவி உத்தியோகம் என்பது, பந்தியில் பரிமாறச் சொல்லிவிட்டு வெறும் இலையைக் கையில் கொடுப்பது மாதிரி. அந்த இலையோடு நின்ற சகோதரிகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

மாலை வாடுமுன்

தலைவிக்கு அதிகாரம் கிடையாது என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் செயலாளர் சரஸ்வதி டீச்சர். என் ஐம்பது வயதுகளின் கடைசியில், என்னைத் தலைவியாக்கி மாலை போட்ட அன்றைக்கே சொன்னார். மாலை கழுத்தை அரித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளைக் கரையேற்றியாகிவிட்டது, இனி ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

“அக்கா, கமிட்டியில பாயில உக்கார்ற எங்க ஏழு பேருக்குத்தான் வோட்டு, நாற்காலில உக்கார்றவுகளுக்குக் கிடையாது. நாங்க கையைத் தூக்குவோம், நீங்க எண்ணுவீக. ரெண்டு பக்கமும் சமமா நின்னா மட்டும் நீங்க ஒண்ணு போடலாம்” என்றார்.

ஏழு பேர் எப்படிச் சமமாக நிற்பார்கள் என்று கேட்டேன். டீச்சர் கொஞ்சம் யோசித்தார். “யாருக்காவது காய்ச்சல் வரணும்.”

எங்கள் ஊர் உலகம்மன் சன்னிதியில் நான் யாருக்கும் காய்ச்சல் கேட்டதில்லை. நினைத்ததுண்டு.

மாடு போன அருவி

சாரல் விழுந்ததும் இரண்டு வில்வண்டி பிடித்துக் குற்றாலம் போனோம். கமிட்டி முடிவு செய்தது ஐந்தருவி. எனக்கோ பெரிய அருவியில் குளித்து, ஈரத்தலையோடு குற்றாலநாதரைக் கும்பிட ஆசை. முன்வண்டியில் நான் இருந்தேன். வண்டியைப் பெரிய அருவிக்குத் திருப்பச் சொல்லி வண்டிக்காரர் சுடலையிடம் மெதுவாகச் சொன்னேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “போன வருசத் தலைவியம்மாவும் இப்படித்தான் சொன்னாக. திருப்பினேன். பின்வண்டி நேரா போயிட்டு. அவுக மட்டும் தனியா குளிச்சிட்டு வந்தாக, ஆச்சி.”

என் வீட்டு வெற்றிலை

அந்தச் சாரல் காலத்திலேயே சங்கத்தில் தையல் வகுப்பு தொடங்க ஏற்பாடானது. மேலகரத்துக் கோமதி வேலை கேட்டு என் வீட்டுக்கு வந்தாள். புருஷன் எங்கே போனான் என்று தெரியாது. ஐந்து வயது மகளோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். ஆடி பிறப்பதற்குள் ஒரு வழி பார்க்கச் சொல்லிவிட்டாளாம் அண்ணன் மனைவி. மதுரையில் ஒரு வீட்டில் சமையலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். ஆனால் பிள்ளையைக் கூட்டிவரக் கூடாதாம்.

தான் தைத்த ரவிக்கை ஒன்றைக் காட்டினாள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், வெளிப்பக்கம் மாதிரியே இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. பூஜைத் தட்டில் இருந்த வெற்றிலை பாக்கு மஞ்சளை அவள் கையில் கொடுத்து, “வேலை உனக்குத்தான்” என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் தட்டிலிருந்து வெற்றிலை கை மாறினால் கல்யாணமே நிச்சயமான மாதிரி. அவள் மதுரைக்காரர்களுக்கு வரவில்லையென்று கடிதம் எழுதிவிட்டாள்.

மறுநாள் உபதலைவி பாகீரதி வந்தாள். “சர்ட்டிபிகேட் உள்ள ஆளைத்தான் எடுக்கணும்னு கமிட்டி முடிவு பண்ணியாச்சுல்லா? நீங்க குடுத்தது உங்க வீட்டு வெத்தலை. அவள உங்க வீட்டுலயே தைக்கச் சொல்லுங்க!”

விரல் கணக்கு

கமிட்டி முடிவை மாற்ற எனக்கு உரிமையில்லை. மறுபடி பேசக் கூட்டம் கூட்டலாம், அவ்வளவுதான். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்தேன். கோமதிக்கு மூன்று பேர். பாகீரதியோடு சேர்ந்து எதிரே நான்கு பேர். ஒருத்தியும் அசையவில்லை. காய்ச்சலும் வரவில்லை.

கூட்டத்தன்று காலையில் அம்மன் முன்னால் உட்கார்ந்து விரல் கணுக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஜபம் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டார்கள். தாயே, உனக்காவது கமிட்டி கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

கூட்டத்தில், “நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்த விஷயம் முடியும்வரை நான் நாற்காலியில் இருப்பது நியாயமில்லை. உபதலைவி உட்காரட்டும்” என்றேன். நான் முழுசாக எழுந்திருக்குமுன் பாகீரதி உட்கார்ந்துவிட்டாள். முந்தானையைக்கூடச் சரிசெய்துகொண்டாள். நான் போய்ப் பாயில் உட்கார்ந்தேன்.

கோமதிக்கு வேலை கொடுக்கலாம் என்பவர்கள் யார் என்று பாகீரதி கேட்டாள். நான்கு கைகள், அதில் ஒன்று என்னுடையது. வேண்டாம் என்பவர்கள் யார் என்று கேட்டாள். மூன்று கைகள் எழுந்தன. நாற்காலியிலிருந்து அவள் கையும் எழுந்தது.

சரஸ்வதி டீச்சர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “ஏட்டி பாகீரதி, கையை எறக்கு. நாலுக்கு மூணு. இன்னைக்கு நீதானே தலைவி?”

மூன்று வருஷம் தலைவியாக இருந்து நான் சாதித்த ஒரே காரியம், அன்றைக்கு அந்த நாற்காலியை விட்டு எழுந்ததுதான். கோமதி இப்போதும் மேலகரத்தில் மகளோடு இருந்து தைக்கிறாள். உங்கள் வீட்டில் ரவிக்கைத் துணி சும்மா கிடந்தால், ஒன்றை அவளிடம் தைக்கக் கொடுங்கள்.