தனியாக நிற்கத் தெரியாத கமெரா

என் கணவர் கொண்டுவந்த கமெராவைப் பற்றி நல்லது கெட்டது சொல்ல கரவெட்டியில் என்னை விட்டால் ஆளில்லை. அதில் எடுத்த படங்களைக் காட்டித்தான் நான் அவருடைய மனைவி என்று ஒரு தூதரகத்தை நம்பவைக்க வேண்டியிருந்தது. அவர்கள் நம்பவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லவேண்டும். பிறகு வாய் சூடாகிவிட்டால் மறந்துபோவேன். அது அவ்வளவு மெல்லியது. பாதி தேய்ந்த சவர்க்காரக் கட்டியின் தடிப்புத்தான் இருக்கும். கைப்பையில் அடையாள அட்டைக்குப் பக்கத்தில் செருகினால் இருப்பதே தெரியாது. முன்பக்கத் தகட்டைக் கீழே இழுத்தால் உயிர் வரும், மேலே தள்ளினால் அடங்கிவிடும். மற்றக் கமெராக்களைப் போல மூக்கு வெளியே நீளாது. வெயிலில் படம் நன்றாக விழும். பின்பக்கம் முழுவதும் திரை என்பதால் நாலு பேர் சுற்றி நின்று பார்க்கலாம். அந்தத் திரைக்காகத்தான் அதை வாங்கினேன் என்று அவர் சொன்னார். எங்களைக் கவிழ்த்ததும் அந்தத் திரைதான்.

அவருக்கு ஊர் கொடிகாமம். வெளிநாட்டில் ஒரு பெரிய பண்டகசாலையில் வேலை. உள்ளே படம் பிடிக்கும் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் கதைப்பதற்கு மட்டும் ஒரு பொத்தான் போன் வைத்திருந்தார். என்னுடையதும் பொத்தான் போன்தான். சில வருடங்களுக்கு முந்திய கதை இது, அப்போது அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. பேசிச் செய்த கலியாணம். இருபத்தாறு நாள் லீவில் வந்தார். ஆறாம் நாள் தாலி கட்டினார். மிச்சம் இருபது நாளும் எங்கள் வீட்டில் என்னோடு இருந்தார். அவ்வளவுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

அந்த இருபது நாளில் கமெராவின் குற்றங் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. மெலிவுக்காகப் படம் பிடிக்கிற கண்ணாடியைக் கொண்டுபோய் ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள். அதைப் பிடிக்கிற எவருடைய இடக்கை விரலும் நேரே அங்கேதான் போகும். நான் எடுத்த அவருடைய படங்களில் மேல்மூலையில் என் விரல், அவர் எடுத்த என் படங்களில் அவர் விரல். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அது எங்களுக்கு ஒரு பகிடியாகிவிட்டது. பற்றரி அதைவிட மோசம். தீப்பெட்டியைவிடச் சின்னது, கோயிலடிக்குப் போய்த் திரும்புவதற்குள் செத்துவிடும். மங்கல் வெளிச்சத்தில் எடுத்தால் தூசியெல்லாம் வெள்ளை வட்டமாக விழும். எங்கள் அம்மா அதை விபூதி என்று நினைத்துக் கும்பிட்டாள்.

இதெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது, அந்தக் கமெராவுக்குத் தனியாக நிற்கத் தெரியாது.

எங்கள் இருவரையும் சேர்த்து எடுக்க ஆள் வேண்டுமே. அம்மாவுக்குக் கை நடுங்கும். பெற்ற தகப்பனான ஐயாவிடம் கேட்க எனக்கு வெட்கம். கமெராவில் பத்து வினாடி பொறுத்துத் தானாகவே எடுக்கிற வசதி இருந்தது. அவர் ஒரு பின்னேரம் அறைக் கதவைச் சாத்திவிட்டு அதை யன்னல் திட்டில் வைத்தார். முழு உருவமும் விழவேண்டும் என்று நெட்டுக்குத்தாக நிமிர்த்தி வைத்தார். பொத்தானை அமத்திவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றார். ஆறாம் வினாடியில் அது பஸ்ஸில் தூங்கி விழுகிறவர்களைப் போல மெல்ல முன்னுக்குச் சரிந்து நிலத்தில் விழுந்தது. சீமெந்து நிலம். மூலை நசுங்கிவிட்டது. அடுத்த தடவைக்குக் கீழே தலையணை போட்டோம். பால்மாப் பேணியைப் பின்னால் வைத்துச் சாய்த்தோம், பக்கவாட்டில் விழுந்தது. கடைசியில் எஞ்சியிருந்த கலியாணக் காட் ஒன்றை மடித்து அடியில் செருகினார். நின்றது.

ஏழெட்டுப் படம் எடுத்தோம். முதலாவதில் விறைத்துப்போய் நிற்கிறோம். பிறகு அவர் என் தோளில் கை போட்டார். பிறகு ஒன்றில் நான் வாயைத் திறந்து சிரித்து அவருடைய நெஞ்சில் சாய்ந்திருக்கிறேன். இன்னொன்றில் அவர் என் முன்மயிரை ஒதுக்குகிறார், நான் கண்ணை மூடியிருக்கிறேன். என்னை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று பின்னேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இப்போது இல்லை.

அப்போது இருந்தது. அவர் பயணம் போவதற்கு இரண்டு நாள் முந்தி மாமி, அதுதான் அவருடைய அம்மா, கொடிகாமத்திலிருந்து வந்தார். படம் பார்க்கத்தான் வருகிறா என்று அவர் சொல்லிவிட்டு, பஸ்ஸால் இறங்குகிறவரைக் கூட்டிவர நெல்லியடிக்குப் போய்விட்டார். மாமி வாயால் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் அந்தத் திரை அவ்வளவு பெரிது. தன் மகனின் நெஞ்சில் நான் வாய் பிளந்து சாய்ந்திருப்பதை அவர் பார்த்தால் நான் என்ன முகத்தோடு தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன்? கதவைச் சாத்தி எடுத்தது தெரிந்துவிடும் என்று, விறைத்து நின்றதையும் விடாமல், குசினிக்குள் நின்று ஒவ்வொன்றாக அழித்தேன். குப்பைத்தொட்டி அடையாளத்தை அமத்தினால் நிச்சயமா என்று கேட்கும். ஒவ்வொரு படத்துக்கும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஓம் என்று அமத்தினேன்.

மாமி கதிரையில் இருந்து எல்லாப் படத்தையும் ஆறுதலாகப் பார்த்தார். என் கணவர் கிணற்றடியில் நிற்பது, நான் கோயில் வாசலில் நிற்பது, அவர் புட்டுச் சாப்பிடுவது, நான் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது. கடைசிப் படம் வந்ததும் இன்னொரு தரம் விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவுந்தானோ, பிள்ளை?" என்று கேட்டார். ஓம் மாமி, இவ்வளவுதான் என்றேன். மானத்தோடு தப்பிவிட்டேன் என்று எனக்குள் பெருமை வேறு.

பயணப் பெட்டி அடுக்கும்போது, படங்களை அழித்ததை என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அடுத்த முறை வந்து எடுப்போம், ஓடியா போய்விடப்போகிறோம் என்றார். கமெராவை என்னிடமே விட்டுவிட்டு, வீட்டுப் புதினங்களைப் படமாக எடுத்து அனுப்பச் சொன்னார். அதன்பின் நான் கண்டதையெல்லாம் எடுத்தேன். ஆட்டுக்குட்டிகள், மாரி மழையில் நிறைந்த கிணறு, வாழைக்குலை, அவர் பாவித்த சைக்கிள், அம்மா போட்ட அப்பளம். சந்தியில் இருந்த கடைக்குப் போய் மின்னஞ்சலில் அனுப்புவேன். அவரும் ஒவ்வொரு ஆட்டுக்குட்டியைப் பற்றியும் விசாரித்துப் பதில் எழுதுவார்.

நான் அவரிடம் போக விசாவுக்கு விண்ணப்பம் போட்டு ஒன்பது மாதம் கழித்துத் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. ஸ்ரூடியோக்காரர் எடுத்த கலியாண அல்பம் முழுவதையும் வைத்திருந்தோம். அதை அவர்கள் மறுக்கவில்லை. சடங்கு நடந்ததாம். ஆனால் அதற்குப் பிறகு கணவனும் மனைவியுமாக வாழ்ந்ததாகத் தெரியவில்லையாம். அன்றாடப் படங்கள் என்று நாங்கள் கொடுத்த ஒன்றிலாவது இருவரும் சேர்ந்து இல்லை, நெருக்கம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை எங்கள் ஐயாவுக்குத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. நெருக்கம் என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். மேன்முறையீடு செய்யலாம், ஆனால் புதிதாக ஏதாவது வேண்டும் என்றார். படங்களில் மூலையில் தெரிகிற விரல்களைக் காட்டினேன். இது அவர் விரல், இது என் விரல், இருவரும் ஒரே இடத்தில் இருந்ததால்தானே ஒருவரை ஒருவர் எடுக்க முடிந்தது என்று விளக்கினேன். அவர் பகிடி பண்ணவில்லை. விரல் யாருடையது என்று படத்தில் எழுதியில்லையே, தங்கச்சி என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன்.

அன்று என் கணவர் போனில் கேட்டார்.

"அண்டைக்குப் பின்னேரம் எடுத்ததுகளிலை ஒண்டாவது மிஞ்சேல்லையோ?"

"இல்லையப்பா. மாமி பாப்பா எண்டு எல்லாத்தையும் அழிச்சனான்."

"பரவாயில்லை, நீர் என்ன செய்வீர்" என்றார். ஏசியிருந்தால் நான் திருப்பிக் கதைத்திருப்பேன். அவர் ஏசவில்லை.

அழித்த படங்களை மீட்கலாம் என்று யாரோ சொல்ல, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஒரு கணினிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கமெராவைக் கையில் எடுத்து, இவ்வளவு மெல்லிய சாமான் இவ்வளவு நாள் உழைத்ததே பெரிது என்றார். அழித்த படம் உடனே போய்விடாது, அந்த இடத்தில் வேறு படம் வந்து ஏறும் வரைக்கும் கார்ட்டில் கிடக்கும் என்று விளக்கினார். அழித்த பிறகு எத்தனை படம் எடுத்தீர்கள் என்று கேட்டார். நான் ஆட்டுக்குட்டிகளை நினைத்தேன். என் கணவர் தனியே இருக்கிறாரே என்று அவருக்காக எடுத்த அத்தனை படமும் எங்கள் இருவரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

கடைக்காரர் இரண்டு மணித்தியாலம் தேடி ஒன்றே ஒன்றை எடுத்தார். அதுவும் பாதி. படுக்கையாக வந்த படத்தை அவர் நிமிர்த்திக் காட்டினார். ஒரு பக்கம் நான் நிற்கிறேன், சிரிக்கிறேன், என் தோளில் ஒரு கை. அந்தக் கைக்குப் பிறகு படம் இல்லை, ஒரே சாம்பல் நிறம். என் கணவர் நின்ற பக்கம் முழுவதும் போய்விட்டது. மாமி பார்க்கக்கூடாது என்று அழித்ததை, முன்பின் தெரியாத ஆட்கள் நாலு பேர் கடையின் பெரிய திரையில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. இன்னும் பாருங்கள் என்று சொல்லலாம் போல இருந்தது.

சட்டத்தரணி அதையும் கோப்பில் வைத்தார், ஆனால் கை யாருடையதாகவும் இருக்கலாம் என்றார். மாமியிடம் ஒரு கடிதம் வாங்கிவரச் சொன்னார். மகனும் மருமகளும் சேர்ந்து வாழ்ந்ததைக் கண்ணால் கண்டேன் என்று தாய் எழுதினால் கொஞ்சம் உதவுமாம். மாமி கையெழுத்து வைக்க எங்கள் வீட்டுக்கே வந்தார். அன்று இருந்த அதே கதிரையில் இருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பேனையைக் கையில் எடுத்தவர் எழுதாமல் இருந்தார்.

"அண்டைக்குப் படம் பாத்திட்டுப் போகேக்கை எனக்கு நெஞ்சுக்குள்ளை ஒரு மாதிரி, பிள்ளை. இருவது நாள் இருந்தும் ரெண்டு பேரும் சேந்து நிக்கிற படம் ஒண்டும் இல்லை. அவனுக்கு உன்னிலை விருப்பமில்லையோ எண்டு யோசிச்சனான். ஆரிட்டைக் கேக்கிறது? கேக்கேல்லை."

தூதரகத்தில் முகம் தெரியாத ஒருவர் நினைத்ததைத்தான் மாமியும் நினைத்திருக்கிறார், அதுவும் நாங்கள் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே. நல்ல மருமகள் என்று பெயரெடுக்க நான் அழித்த படங்களைத்தான் அவர் தேடியிருக்கிறார். கடைசிப் படத்தில் இன்னொரு தரம் விரலால் தள்ளியது அதற்குத்தான்.

அலுமாரிக்குள் இருந்த அந்தப் பாதிப் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்துவந்து கொடுத்தேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளைத்தான் பார்த்தார்.

"உது அவன்ரை கை. பெருவிரலடியிலை காயம் கிடக்குப் பார். திருவலையிலை தேங்காய் துருவுறன் எண்டு வெட்டினவன். அஞ்சு வயசு."

எனக்கு அந்தத் தழும்பு தெரியும். ஆனால் அது எப்படி வந்தது என்று என் கணவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இருபது நாளில் அவ்வளவுக்கு வரவில்லை. இதையும் கடிதத்தில் எழுது, தாய் சொல்லுகிறேன் என்று எழுது என்றார் மாமி. நான் அவருக்கு முன்னாலேயே சட்டத்தரணிக்குப் போன் எடுத்தேன். எழுதலாம் என்றார் அவர். பிறகு குரலைத் தணித்து, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள் என்றார். மாமியிடம் எழுதலாமாம் என்று மட்டும் சொன்னேன். காயம், திருவலை, அஞ்சு வயது எல்லாவற்றையும் எழுதினேன். மாமி கீழே ஆறுதலாகக் கையெழுத்து வைத்தார்.

அதன்பிறகு கமெராவைக் கேட்டு வாங்கினார். நசுங்கிய மூலையைத் தடவிப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையில் சாய்த்து மேசையில் நிறுத்திப் பார்த்தார். அது அவருக்கும் விழுந்தது. எடுத்து என் கையில் தந்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்.

"இனி அவன் வந்தால் நாலைஞ்சு படம் சேந்து எடுங்கோ, பிள்ளை. நான் பாக்க வரமாட்டன்."

ஓம் மாமி என்றேன். தனக்கு இனி லீவு கிடைக்க இரண்டு வருடமாகும் என்று முந்திய நாள்தான் என் கணவர் போனில் சொல்லியிருந்தார். அதை நான் மாமிக்குச் சொல்லவில்லை.