கன்னையாவின் தொண்ணூற்றொன்பது

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கிற பதினொரு மாடி பிளாட்டில் கன்னையாவைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தும் தெரியாத மாதிரி லிப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் நிறைய உண்டு. அவர் யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதிலாக "விரலைக் காட்டுங்க" என்பார். காட்டினால் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து, கொடியில் துணிக்குக் கிளிப் போடுவதைப் போல விரல் நுனியில் மாட்டுவார். ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று அது சிவப்பு எண்ணில் காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேலே இருந்தால் போகலாம். கீழே இருந்தால் ஆபீசுக்கு நேரமாகிறது, பிள்ளைக்குப் பள்ளி பஸ் போய்விடும் என்கிற பேச்செல்லாம் அவரிடம் எடுபடாது.

முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவர் அவர். கிள்ளானிலிருந்து செந்தூல் வரைக்கும் அவரைத் துரத்தாத நாய் இல்லை. அந்த வேலையில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்காரன் ஆயிரம் சொல்வான், மீட்டர் பொய் சொல்லாது. பைப்பே திறக்கவில்லை, நாங்கள் ஊரிலேயே இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டவர்களை அவர் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. மீட்டர் காட்டியதை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டு கேட்டைத் தட்டப் போய்விடுவார். மனுஷர் வாயை நம்பாமல் இருப்பதுதான் நேர்மை என்பது அவருடைய தீர்மானம். ஓய்வுபெற்ற அன்று சீருடையைத் திருப்பிக் கொடுத்தார். தீர்மானத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வீட்டில் படிப்பதற்கு ஒரு மீட்டரும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த மனிதருக்குக் கொரோனா வந்தது வசதியாகப் போயிற்று. பூச்சோங்கில் குடியிருக்கும் மகள் மாதவி பயந்துபோய் அப்பாவுக்கு ஒரு ஆக்சிமீட்டர் வாங்கி அனுப்பினாள். நோய் ஓய்ந்தது, முகக்கவசம் போனது, கன்னையாவின் ஆக்சிமீட்டர் மட்டும் போகவில்லை. அதற்கு முன்பாவது மனைவி இராஜம்மாவிடம் எப்போதாவது "தூங்குனியா, சாப்பிட்டியா" என்று கேட்பார். கருவி வந்த பிறகு அந்தக் கேள்விகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அவள் விரலை வாங்கி மாட்டி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் அவள் ஒரு கையை நீட்டிவிட்டு மறுகையால் கிண்டிக்கொண்டிருப்பாள். நான்கு வருஷத்தில் நான்கு நோட்டுகள் நிறைந்து ஐந்தாவது நடந்துகொண்டிருந்தது.

அளப்பதோடு நின்றிருந்தால் பிளாட் தப்பித்திருக்கும். மூச்சைப் பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தமும் பிறந்துவிட்டது. மூக்கு மெயின் பைப், நுரையீரல் டாங்கி, உள்ளே வருகிற ஆக்சிஜன் நல்ல தண்ணீர், வெளியே போகிற கரியமில வாயு சாக்கடை. சாக்கடையை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வெளியேற்றினால் நூறு வயது நிச்சயம். இதைக் கீழ்த்தள மண்டபத்தில் ஞாயிறுதோறும் வகுப்பாகவே நடத்தினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரும் ஐம்பது தடவை பலமாக ஊத வேண்டும். முப்பதாவது ஊதலிலேயே பக்கத்து வீட்டு கிரிகரிக்கு உதடு மரத்து, கண் இருட்டிக்கொண்டு வந்து, நாற்காலியோடு சாய்ந்தார். கெட்டது வெளியேறுகிறது, அப்படித்தான் இருக்கும் என்று ஆசிரியர் கன்னையா விளக்கம் கொடுத்தார். கரியமில வாயுவும் ரத்தத்துக்கு ஓரளவு வேண்டும், அளவுக்கு மீறி ஊதித் தள்ளினால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். இது பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. கன்னையா அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

அந்த கிரிகரி கிள்ளானில் பட்டறை வைத்திருந்த பழைய மெக்கானிக். நாற்பது வருஷம் சிகரெட் பிடித்தவர். அவர் விரலில் கருவி தொண்ணூற்று மூன்று காட்டியது. அன்றிலிருந்து கன்னையா அவரிடம் பேசும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி, துக்க வீட்டில் பேசுகிற மாதிரி பேசுவார். செத்தால் சொல்லியனுப்புகிறேன், அதுவரைக்கும் சாதாரணமாகப் பேசு என்று கிரிகரி கேட்டுக்கொண்டும் பயனில்லை.

ஏழாம் மாடி தாமரையின் கதை இன்னும் கொடுமை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கன்னையா மணப்பெண்ணின் விரலைப் பிடித்துவிட்டார். எண்பத்தைந்து என்று வந்தது. பத்து விரலிலும் நுனி மறைய கருப்பு மருதாணி அப்பியிருக்கிறதே, வெளிச்சம் எப்படி விரலுக்குள் நுழையும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே பெண்ணை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே நர்ஸ் காது மடலில் மாட்டிப் பார்த்தார், தொண்ணூற்றொன்பது. ஆஸ்பத்திரி மீட்டரைச் சரிபார்க்க வேண்டும் என்று கன்னையா கருத்துத் தெரிவித்தார். கல்யாணப் பத்திரிகை பிளாட்டில் எல்லா வீட்டுக்கும் போனது, அவர் வீட்டுக்குப் போகவில்லை.

இப்படி ஊரை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தவரின் வீட்டுக்கு ஆகஸ்ட் மாதம், ஊரார் ஹேஸ் என்று சொல்லும் புகைமூட்டம் வந்தது. எங்கேயோ காடு எரிய, பிரிக்பீல்ட்ஸில் எதிர்க் கட்டடம் காணாமல் போனது. கன்னையா ஹார்ட்வேர் கடையில் ஆறு சுருள் டேப் வாங்கிவந்து, ஜன்னல் இடுக்கு, பால்கனிக் கதவு, குளியலறை வென்டிலேட்டர் என்று காற்று வரக்கூடிய வழியையெல்லாம் ஒட்டினார். வாசல் கதவின் அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்தார். குளிருக்கு ஏர்கோனைப் போட்டுவிட்டு, இனி இந்த வீட்டுக்குள் விஷம் நுழையாது என்று அறிவித்தார்.

இராஜம்மாவுக்கு அப்போதே ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை தலை முழுகினால் பால்கனியில் உட்கார்ந்து கரித் தணலில் சாம்பிராணி போட்டுத்தான் அவள் முடி காயவைப்பாள். பால்கனிதான் அடைத்தாயிற்றே, இந்த மாதம் சாம்பிராணி வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாமாவது, இப்போதுதான் அதிகம் வேண்டும் என்றார் கன்னையா. வெளிப் புகை விஷம், வீட்டுப் புகை மருந்து என்று சூத்திரமே சொன்னார். ஒரு தூபக்கால் போதாது, மூன்று வை, சாமி ரூமுக்கு ஒன்று, ஹாலுக்கு ஒன்று, உன் முடிக்கு ஒன்று, கரியைத் தாராளமாகப் போடு என்று உத்தரவும் போட்டார். குச்சியில் இறைச்சி குத்தி சாத்தே சுடுகிற கடைக்காரரிடமிருந்து ஒரு மூட்டை கரியை அவரே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

முதல் வெள்ளி இராஜம்மாவுக்குத் தலை வலித்தது. சொன்னாள். அவர் விரலைக் கேட்டார், தொண்ணூற்றெட்டு. வெயிலாக இருக்கும் என்றார். ஜன்னலெல்லாம் அடைத்த வீட்டுக்குள் வெயில் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை, கேட்டுப் பழக்கமில்லை. இரண்டாம் வெள்ளி தலைவலியோடு கால் தள்ளாடியது. விரலைக் கொடுத்தாள், தொண்ணூற்றொன்பது. அதைப் படம் பிடித்து, "ஹேஸிலும் 99, எங்கள் வீட்டு முறை" என்று எழுதி பிளாட் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பதினாறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அதில் நான்கு பேர் அவரிடமே டேப் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று விசாரித்தார்கள்.

மூன்றாம் வெள்ளி காலையில் கன்னையா டேப் ஒட்டும் முறையை விளக்குவதற்காகக் கீழ்த்தள மண்டபத்துக்குப் போனார். கேள்வி நேரம் நீண்டுவிட்டது. இரண்டரை மணி நேரம் கழித்து மேலே வந்தார். சாமி ரூம் வாசலில், ஈரம் காயாத முடியோடு இராஜம்மா பாயில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் வாந்தி. கூப்பிட்டதற்கு முனகினாள், கண்ணைத் திறக்கவில்லை. அவர் பதறித்தான் போனார், அதை மறைப்பதற்கில்லை. பையிலிருந்து கருவியை எடுத்து மாட்டினார்.

தொண்ணூற்றொன்பது. உயிர் வந்தது அவருக்கு. பித்தமாக இருக்கும், தூங்கட்டும் என்று போர்வையைப் போர்த்திவிட்டு, எலுமிச்சம்பழம் வாங்கிப் பிழிந்து கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். போகிற போக்கில் நோட்டில் எழுதிவைக்கவும் மறக்கவில்லை.

கிரிகரி எலுமிச்சம்பழம் யாருக்கு என்று கேட்டார். இராஜம்மாவுக்குத் தலைவலி, வாந்தி, கொஞ்சம் அசதி, ஆனால் ஆக்சிஜன் பிரமாதம் என்றார் கன்னையா. கிரிகரி பழத்தை எடுக்கப் போகாமல் அவரைத் தள்ளிக்கொண்டு கன்னையாவின் வீட்டுக்குள் நுழைந்தார். மூன்று தூபக்காலிலும் கரி கனன்றுகொண்டிருந்தது. புகைகூட அதிகமில்லை. டேப்பைப் பார்த்தார், ஏர்கோனைப் பார்த்தார், பாயில் கிடந்தவளைப் பார்த்தார். கன்னையா ஆதாரத்துக்குக் கருவியை மறுபடியும் அவள் விரலில் மாட்டிக் காட்டினார்.

"அந்த நம்பரை விடு லா கன்னையா," என்றார் கிரிகரி. "அவங்க மூஞ்சியைப் பாரு."

கன்னையா பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறார் என்பதால் எது வழக்கம், எது மாற்றம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கிரிகரி அதற்குள் சமையலறைக் கத்தியை எடுத்துப் பால்கனி டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தார். மழை நாளில் ஷட்டரை இறக்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்ட ஒரு பையனைத் தன் பட்டறையில் அவர் பார்த்திருக்கிறார். அவனும் தூங்குகிற மாதிரிதான் கிடந்தான், எழுந்திருக்கவில்லை. இதைச் சொல்லிக்கொண்டே அவள் தோளைப் பிடித்தார். காலைப் பிடி என்று கன்னையாவை அதட்டினார். இரண்டு கிழவர்களும் அவளை வெளித் தாழ்வாரத்துக்குத் தூக்கினார்கள். தொண்ணூற்று மூன்று உள்ளவர் மூச்சு வாங்க முன்னால் இழுக்க, தன் விரலில் தினமும் தொண்ணூற்றெட்டு பார்க்கிறவர் என்ன நடக்கிறது என்று விளங்காமல் பின்னால் வந்தார். தாழ்வாரம் முழுக்க புகைமூட்டம். அந்த அழுக்குக் காற்றில் கிடத்திய பிறகுதான் இராஜம்மா கண்ணைத் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் வாணி என்ற இளம் டாக்டர் அவள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டுவிட்டு, ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கன்னையா ஆக்சிமீட்டரையும் ஐந்து நோட்டுகளையும் நீட்டினார். டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது இதுதான்: நாம் இழுக்கிற மூச்சிலிருந்து ஆக்சிஜன் நுரையீரலின் மெல்லிய சவ்வைத் தாண்டி ரத்தத்துக்குப் போய், சிவப்பணுவில் இடம்பிடித்து உட்காருகிறது. அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைட் என்று வேறொரு வாயு வரும். நிறமில்லை, வாசனையில்லை. அது ஆக்சிஜனின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. விரலில் மாட்டுகிற கருவிக்கு இரண்டும் ஒரே சிவப்பு.

"இடம் நிறைஞ்சிருக்குன்னு மட்டும்தான் இது சொல்லும் அங்கிள். யாரு உக்காந்திருக்கான்னு அதுக்குத் தெரியாது."

ரத்தப் பரிசோதனை வந்தது. கால் பங்குக்கு மேல் அந்த வாயுதான். இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். கிரிகரி வராமல் போயிருந்தால் அவள் போர்வைக்குள் தொண்ணூற்றொன்பதோடு செத்துப்போயிருப்பாள், அதையும் கன்னையா நோட்டில் எழுதிவைத்திருப்பார். முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் இப்படி வெட்கப்பட்டதில்லை.

டாக்டர் படிவத்தை எடுத்தார். தலைவலி எப்போது ஆரம்பித்தது, எந்த நேரத்தில், மயக்கம் எத்தனை தடவை, மறதி உண்டா, நெஞ்சு படபடப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டார். கன்னையா நோட்டுகளைப் புரட்டினார். ஆயிரத்து நானூறு நாளின் காலையும் மாலையும் அவற்றில் இருந்தன. டாக்டர் கேட்ட ஒன்றுகூட இல்லை.

"நான் சொல்றேன்," என்றாள் இராஜம்மா. மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் மங்கலாக வந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தலைவலி மூணு வெள்ளியா இருக்கு டாக்டர்."

"வீட்டுல சொன்னீங்களா ஆன்டி?"

"சொன்னேன். தொண்ணூத்தொம்போதுன்னாரு."

டாக்டர் கன்னையாவைப் பார்க்கவில்லை. அது அவருடைய நல்ல மனசு. வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று மட்டும் கேட்டார். கேட்கிறதற்கு ஒரு ஆள் கிடைத்ததும் இராஜம்மா நிறுத்தவில்லை. போன வருஷத்திலிருந்து இடது முட்டி மடங்குவதில்லை. விடியற்காலையில் முழித்துக்கொண்டால் தூக்கம் திரும்புவதில்லை. மாதவி பூச்சோங்குக்குப் போன பிறகு சாயங்காலம் ஆனால் நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது. அது காற்றில்லாமல் இல்லை, பேச ஆளில்லாமல் என்று அவளுக்கே தெரியும். மீன் வாசனை பிடிக்காமல் போய் ஆறு வருஷமாகிறது, வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் மீன்தான். அவள் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. கட்டிலின் மறுபக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கன்னையாவுக்கு அத்தனையும் புதுச் செய்தியாக இருந்தது.