நாற்பத்தோரு அஞ்சலட்டைகள்

“இதை யாருடி படிக்கப் போறா?” என்று எங்கள் ஆய்வுக்கூடத்து டைப்பிஸ்ட் மாமி கேட்டபோது, என் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசிப் பக்கம் அவருடைய மெஷினிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. அடையாற்றில் ஆராய்ச்சி மாணவியாக எனக்கு அது இரண்டாவது வருடம். மாமி கேலியாகக் கேட்கவில்லை. எத்தனையோ பேருடைய கட்டுரைகளை அடித்துக் கொடுத்துவிட்டு, அவை அலமாரியில் தூசி படிந்து கிடப்பதையும் பார்த்தவர். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்பவரின் மகள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். படிப்பார்கள், பாருங்கள் மாமி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படித்தார்கள். கட்டுரை வெளிவந்த ஆறாம் மாதத்திலிருந்து, அச்சுப் பிரதி கேட்டு வெளிநாடுகளிலிருந்து அஞ்சலட்டைகள் வர ஆரம்பித்தன. எங்கள் உலகத்தில் அதுதான் மதிப்பு. மாமி அவற்றை ரப்பர் பேண்டு போட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்தார். ஓய்வு பெற்ற அன்று டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, “நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்” என்றார். அப்பா அட்டைகளைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் காட்டுவார். “எம் பொண்ணு எய்தினத வெள்ளக்காரன் கேட்டுக்கினு கீறான், பாரு நைனா.”

நான் எழுதியது இதுதான். டி.என்.ஏ.வைச் சூடாக்கினால் அதன் இரண்டு இழைகளும் பிரியும். ஒரு வேரிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்தால், பிரிவதற்குக் கூடுதல் சூடு தேவைப்படுகிறது. அந்த வேர்ப்பொருள் இழைகளைப் பிடித்து வைக்கிறது என்றேன். இந்த வருடம் ஓர் அட்டைக்காரர் ஒரு சந்தேகம் கேட்டிருந்ததால் சோதனையைத் திரும்பச் செய்தேன். சூடு கூடவில்லை. மூன்று முறை செய்தும் கூடவில்லை. அப்போதுதான் அந்தக் கோடைக்காலம் ஞாபகம் வந்தது. குழாயில் தண்ணீர் இல்லை, அதனால் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி ஓடவில்லை. காய்ச்சி வடித்த நீர் என்று சீட்டு ஒட்டிய கேனை வெளியே வாங்கி, சோதிக்காமலே வேர்ப்பொருளைக் கரைக்கப் பயன்படுத்தினேன். அந்தக் கேனின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வேர்ப்பொருள் எதுவும் சேர்க்காமல் அதை மட்டும் ஊற்றிப் பார்த்தேன். சூடு கூடியது. இழைகளைப் பிடித்து வைத்தது தண்ணீரிலிருந்த உப்பு.

அன்றிலிருந்து தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் உள்ளே போய்விடுவேன். நூலகத்தில் புது இதழைப் பிரித்தால், அடிக்குறிப்பில் என் பெயர் இருந்துவிடுமோ என்று அதைத்தான் முதலில் தேடுவேன். ஒருநாள் இருந்தது. யாரோ என் முடிவின்மேல் தங்கள் வேலையைக் கட்டியிருந்தார்கள். என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் என் புது அளவுகளை நெடுநேரம் பார்த்தார். பட்டத்துக்கான வைவா தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, அதுவரை பேசாமல் இரு என்றார். என் ஆய்வேட்டில் பாதி அந்த உப்பு. கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. மாமி அன்று சொன்னது பலித்திருக்கக் கூடாதா, ஒருவருமே படிக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று நான் ஏங்கிய நாட்கள் அவை.

நேற்று, சனிக்கிழமை, மயிலாப்பூருக்குப் போனேன். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மாமி இப்போது சொல்லிக்கொடுக்கிறார். பதினைந்து மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே கட்டுரை தவறு என்று நான் எழுதியிருந்த திருத்தக் கடிதத்தைப் படித்தார்.

“உங்க சாருக்குத் தெரியுமோ?”

“நான் இதை அனுப்பறது தெரியாது மாமி. வைவா முடியட்டும்னு சொன்னாரு.”

மாமி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பினால் நல்லது என்றும் தோன்றியது.

“எத்தனை காப்பி?”

“அட்டைக்கு ஒண்ணு, நாப்பத்தொண்ணு. கட்டுரை போட்ட பத்திரிகைக்கு ஒண்ணு.”

“அப்போ ஸ்டென்சில் வெட்டி மொத்தமா காப்பி எடுத்துடலாம். உங்க சாருக்கு மட்டும் தனியா அடிச்சுத் தரேன். ஸ்டென்சில் காப்பியை அவர் கையில குடுக்கறது மரியாதை இல்லே.”

யார் படிக்கப் போகிறார்கள் என்று இந்த முறை அவர் கேட்கவில்லை.

நாற்பத்திரண்டு உறைகளையும் நேற்றே தபாலில் சேர்த்தேன். பிறகு பஸ் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வராந்தாவில் யாரும் இல்லை. மாமி தனியாக அடித்துத் தந்த தாளைப் பேராசிரியர் அறைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். பாதி உள்ளே போனதும் கை நின்றது. மீதியையும் தள்ளிவிட்டேன். அந்த அறையின் சாவி அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. நாளை திங்கட்கிழமை.