எல்லா நாளும் எங்கள் குடிக்கே

கொடியேற்றத்துக்கு முதல்நாள் காலை, மாமா போனில் கத்தினார்.

"என்ன புள்ள செஞ்சி வெச்சிரிக்காய்? வெப்சைட்டுல எல்லாத் திருவிழாவும் எங்கட குடிக்கெண்டு போட்டிரிக்கி! ஊரே என்னப் பாத்துச் சிரிக்கிது."

சிரித்திருந்தால் பரவாயில்லை. ஊர் கொதித்துக்கொண்டிருந்தது.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடிக்கு உரியது. குடி என்பது தாய்வழியில் வரும் வம்சம். குடிக்கொரு வண்ணக்கர் இருந்து கோயில் காரியங்களைப் பார்ப்பார். எங்கள் குடியின் வண்ணக்கர் அம்மாவின் தம்பி, அதாவது இந்த மாமா. கோயிலுக்கு வெப்சைட் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "என்ட மருமகள் செய்வாள்" என்று எழுந்து சொன்னவரும் அவரேதான். ஆகவே அன்று யார் கண்ணுக்கும் பிழை தெரியவில்லை, சதிதான் தெரிந்தது. பின்னேரம் கூட்டம். அங்கே ஒழுங்கான பதில் சொல்லாவிட்டால் மாமா பொறுப்பை விட்டு இறங்க வேண்டும் என்று தலைமை வண்ணக்கர் சொல்லிவிட்டாராம். மாமாவுக்கு அவருடைய தாய்மாமனிடமிருந்து வந்த பொறுப்பு அது.

மட்டக்களப்பு டவுனில் எங்கள் ஒபிஸ். இந்த வேலைக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதியது என்னோடு வேலை செய்யும் ஜெனிற்றா. கெட்டிக்காரி, என்னைவிட வேகமாக எழுதுவாள். கோட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"அக்கா, நாள் கொப்பியாகிரிக்கி. உபயம் கொப்பியாகல்ல."

விசயம் இதுதான். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு ஒப்ஜெக்ட், விவரங்களைப் போட்டு வைக்கும் பெட்டி மாதிரி. கோயில் பெயர், பூசை நேரம், சாமி சுற்றும் வீதி எல்லாம் எல்லா நாளுக்கும் பொதுவான விவரங்கள், அதாவது புரொப்பர்ட்டிகள். அவற்றைத் திரும்பத் திரும்ப எழுதாமல், முதல் நாளை எழுதி மற்ற நாட்களுக்கு Object.assign என்ற கட்டளையைப் போட்டுக் கொப்பி, அதாவது நகல், எடுத்திருந்தாள். எல்லாரும் அப்படித்தான் செய்வோம். ஆனால் உள்ளே "உபயம்" என்பது தனி ஒப்ஜெக்ட். குடியின் பெயரும் வண்ணக்கர் பெயரும் அதற்குள்தான் இருந்தன. இந்த வகைக் கொப்பி உள்ளே இருக்கும் ஒப்ஜெக்டைப் புதிதாகச் செய்யாது, அது இருக்கும் இடத்தை மட்டும் காட்டிவிடும். சாவியைக் கொப்பி அடித்தால் வீடு இரண்டாகுமா? எல்லா நாட்களும் ஒரே உபயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. குடிகளின் பெயர்களை வரிசையாகப் போடும்போது கடைசியாகப் போட்ட பெயர் எல்லா நாளிலும் நின்றுவிட்டது. கடைசி நாள் எங்களுடையது.

வெப்சைட்டை வெளியே விடுவதற்கு முதல் மாமாவிடம் காட்டித்தான் இருந்தோம். அவர் எங்கள் நாளை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, "தங்கமா இரிக்கி, போடுங்க" என்றார்.

ஜெனிற்றா திருத்தப் போனாள். நான் கையைப் பிடித்தேன்.

"இப்ப திருத்தாத. திருத்திப்போட்டுப் போனா, களவ மறைச்சிட்டு வந்திரிக்காளுகள் எண்டுவாங்க."

லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு இருவரும் கோயிலுக்குப் போனோம். மண்டபத்தில் மாமா ஒரு தூணோரம் நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

தலைமை வண்ணக்கர் ஜெனிற்றாவைப் பார்த்தார். "நீங்க எந்தக் குடி, தங்கச்சி?"

"நான் சேர்ச்சுக்குப் போற ஆள், ஐயா. எனக்குக் குடி இல்ல."

"அப்ப நல்லதாப் போச்சி. நீங்களே சொல்லுங்க."

நான் குறுக்கிட்டேன். "சொல்லத் தேவல்ல ஐயா, காட்டுறம். உங்கட நாள்ல உங்கட குடியப் போடச் சொல்லுங்க."

ஜெனிற்றா அவருடைய நாளில் மட்டும் அவருடைய குடியின் பெயரை அடித்தாள். எங்கள் நாள் உட்பட எல்லா நாளும் அவருடைய குடிக்குப் போனது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது:

"மறுகா என்ன, தலைவரும் கள்ளன்தான்!"

முதலில் சிரித்தவர் தலைமை வண்ணக்கர். "கொம்பியூட்டருக்குக் குடி தெரியாதெண்டு சொல்லுங்களன்" என்று சொல்லிவிட்டு, மாமாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். மாமா சால்வையால் முகத்தைத் துடைத்தார். எனக்கு அவ்வளவு சந்தோசம், அழுகையே வந்துவிட்டது.

ஒவ்வொரு நாளுக்கும் தனி உபயம் செய்து, ஜெனிற்றா அங்கேயே திருத்தினாள். வண்ணக்கர்மார் தங்கள் தங்கள் நாளைப் பார்க்க முண்டியடித்தார்கள். நான் விடவில்லை. ஆளுக்கு ஆள் மற்றவருடைய நாளைப் பார்க்க வைத்தேன்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வது. கொப்பி எடுத்தால் ஒன்றை மாற்றுங்கள், மாற்றியதைப் பார்க்காதீர்கள். மாற்றாததைப் பாருங்கள்.

கொடியேற்றத்தன்று விடியவே மாமா மறுபடி போன் எடுத்தார்.

"புள்ள, மத்தக் குடிகள்ட நாளெல்லாம் சரியா இரிக்கி. ஒண்டு விடாமப் பாத்திட்டன்."

"எங்கட நாள், மாமா?"

"அட, அத இன்னும் பாக்கல்ல."