நாகலெட்சுமிக்குப் பசித்த நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருஷம், மாசி மாதம். இலங்கை மலைநாட்டில், நல்லதண்ணிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கூத்து நடந்துகொண்டிருந்தது. கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி, சோறு தின்ன ஒரு காகத்தின் உத்தரவுக்குக் காத்திருந்தாள்.

புருஷன் செல்லசாமி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வருஷத் திதியும் முடிந்துவிட்டது. ஆனாலும் தினமும் ஆக்கியதில் முதல் பிடியை அவன் பேரைச் சொல்லி லயத்து வீட்டுக் கூரையில் வைப்பாள். காகம் எடுத்தால்தான் தன் வாய்க்கு. அந்த வருஷம் பார்த்து, சிவனொளிபாதமலை ஏற வருகிறவர்களுக்காக அடிவாரத்தில் கடைகள் பெருகிவிட்டன. காகமெல்லாம் வடைக்கும் ரொட்டிக்கும் ஆசைப்பட்டு அங்கே குடிபோய்விட்டன. அதுகளைச் சொல்லி என்ன? இவள் புத்தி எங்கே போயிற்று! காகம் வராத நாளெல்லாம் வெறும் தேத்தண்ணியிலேயே ஓட்டினாள்.

கடைசியில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையோடு சரிந்தாள். கங்காணி அழகுமுத்து நல்ல மனுஷன்தான், வாய்தான் கத்தரிக்கோல்.

“இன்னொரு தடவ விழுந்தியோ, தொரை வேலைப் பதிவுல ஒன் பேரை வெட்டிருவாரு. பேரு போனா காம்பராவும் போயிரும். அப்புறம் என்னையக் கேக்காத,” என்றார்.

செல்லசாமி கடைசி மூச்சு விட்ட அறை அது. அதையும் விட்டுவிட்டு எங்கே போவாள்?

அடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்த சோமாவதிக்குச் சேதி எட்டியது. அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள். சிங்களப் பெண், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவாள், தங்கச்சி என்பதை மட்டும் ‘நங்கி’ என்றே சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்து, நாகலெட்சுமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிட்டாள்.

“நங்கி, பன்சலையில, எங்க புத்தர் கோயில்ல, பிக்கு எனக்குச் சொன்னது. நடந்தா நடக்கிறது தெரியணும். மூச்சு வந்தா வந்தது தெரியணும். அப்புறம் மனசுல சொல்லணும், நான் சுகமா இருக்கணும். மொதல்ல நான். பொறகுதான் மத்த ஆளு.”

“அடி ஆத்தே! மொதல்ல நானா? வெக்கமா இல்லையா ஒனக்கு?”

“இருந்திச்சு. நானும் பட்டினி கெடந்து பாத்தேன். அவரு வரல்ல.”

நாகலெட்சுமி முந்தானையைச் செருகிக்கொண்டு நடந்தாள்.

வழியில் ஓர் இடம். புத்தர் தம் அங்கியின் கிழிசலைத் தைத்த இடம் என்பது சிங்களவர் நம்பிக்கை. முதல் தடவை ஏறுகிறவர்கள் அங்கே நூலைப் புதரில் கட்டி, அறுந்துவிடாமல் இழுத்துக்கொண்டே ஏற வேண்டும். நாகலெட்சுமியும் கட்டினாள். ‘மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வருஷா வருஷம் சொன்னாரே’ என்று நினைத்தாளோ இல்லையோ, நூல் பட்டென்று அறுந்தது. முடிச்சுப் போட்டு நடந்தாள். மறுபடியும் அவன் நினைப்பு, மறுபடியும் அறுந்தது.

சோமாவதி கோபிக்கவில்லை. “நெனப்பு வந்தா வந்திச்சுன்னு பாரு. திரும்ப நூலுக்கு வா,” என்றாள்.

வந்தாள். விரலில் நூல் ஓடுவது தெரிந்தது, பாதத்தில் கல் குத்துவது தெரிந்தது, மூக்கில் குளிர் ஏறுவது தெரிந்தது. ஒரு சிங்களக் கூட்டம் ‘கருணாவாய்’ என்ற யாத்திரைப் பாட்டைப் பாடியபடி இறங்கியது, இன்னொரு கூட்டம் அரோகரா போட்டது. இவளும் தொண்டை கிழிய அரோகரா என்றாள். கால் ஓட்டமாய் ஓடியது. அப்போதுதான் வயிற்றுக்குள் கடமுடாவென்று ஒரு சத்தம்.

“சோமா! பசிக்குதுடி! எனக்குப் பசிக்குது!”

ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

உச்சியில் ஒரு மணி. எத்தனை தடவை ஏறினார்களோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம்.

“அவருக்கும் சேத்து ரெண்டு அடிக்கட்டுமா?”

“ஏறின ஆளுதான் அடிக்கணும், நங்கி. ஏறினது யாரு?”

கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். செல்லசாமி ஏறவில்லை. இனி ஏறப்போவதும் இல்லை. அது அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாக விளங்கியது. ஒரே ஓர் அடி அடித்தாள், காது அடைக்கிற அடி. பிறகு சோமாவதி பிரித்துவைத்த சோற்றை அழுதுகொண்டே அள்ளி அள்ளித் தின்றாள்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டில் அழகுமுத்து இவள் பெயரைக் கூப்பிட்டார். ‘இருக்கேங்க’ என்று இவள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவள் துள்ளி விழுந்தாள்.

“காலையில வயித்துக்கு ஏதாச்சும் போட்டியா?”

“ரொட்டி சுட்டேங்க, கங்காணி ஐயா.”

“யாருக்கு?”

பெரட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“எனக்குங்க,” என்றாள்.